குதிரைக்கு வந்த எலக்ரோலைற் பவுடரைச் சவாரி மாட்டுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி:

வணக்கம் டொக்டர். நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம். எங்களிடம் மாட்டுவண்டிச் சவாரிப் போட்டிக்கு ஓடும் ஒரு சோடி மாடு நிற்கிறது. இரண்டும் நலம் தட்டியவை (காயடித்தவை), ஒவ்வொன்றும் 300 கிலோ வரும் என்று நினைக்கிறேன். வைக்கல், தவிடு, எள்ளுப் பிண்ணாக்கு, இடைக்கிடை உழுந்து கொடுக்கிறோம். சித்திரை, வைகாசி வெயிலில் முதல் ஓட்டம் நன்றாகப் போகிறது. இரண்டாம் ஓட்டத்தில் இடத்தன் மாடு (இடப்பக்கம் பூட்டுவது) தளர்ந்துவிடுகிறது, வாயால் வீணீர் வடிக்கிறது, திடலில் தண்ணீர் வைத்தால் முகர்ந்துவிட்டு விலகுகிறது. உடம்பு பாரமாக இருக்கக்கூடாது என்று முதல்நாள் பின்னேரத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துத்தான் கொண்டுபோவோம். கனடாவிலிருந்து வந்த மச்சான், நெடுந்தூரம் ஓடும் குதிரைகளுக்குக் கொடுக்கிற எலக்ரோலைற் பவுடர் ஒரு வாளியும், வாய்க்குள் ஏற்றுகிற பசை நாலு குழாயும் கொண்டுவந்து தந்தார். மாட்டுக்குக் கொடுக்கலாமா? எவ்வளவு? சிலர் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி போதும் என்கிறார்கள். சிலர் முதல்நாள் சேலைன் ஏற்றச் சொல்கிறார்கள். எதைத் தெரிவுசெய்வது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம். பவுடரை அளவறிந்து கொடுக்கலாம். பசையை மாட்டின் வாயில் ஏற்ற வேண்டாம். தண்ணீரைக் குறைக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். இடத்தன் மாட்டின் இரண்டாம் ஓட்டத்தை மாற்றக்கூடியது இந்த மூன்றாவது விடயம்தான். பவுடர் அதற்குப் பிறகு வருவது.

எலக்ரோலைற் என்பது வியர்வையோடு போகும் உப்புகள். அந்தப் பவுடர் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதிலிருந்து தொடங்குகிறேன். நெடுந்தூரக் குதிரையோட்டத்தில் ஒரே நாளில் 160 கிலோமீற்றர் வரை ஓடும் போட்டிகள் உண்டு. வெப்பமான நாளில் அப்படி ஓடும் குதிரை மணித்தியாலத்துக்கு 10 முதல் 15 லீற்றர் வரை வியர்க்கும். குதிரையின் வியர்வை மிகவும் உப்பானது. ஒரு லீற்றரில் ஏறத்தாழ 3 கிராம் சோடியம், 5 முதல் 6 கிராம் குளோரைட்டு, ஒன்றரைக் கிராம் பொற்றாசியம், இவற்றோடு சிறிதளவு கல்சியமும் மகனீசியமும் போகின்றன. பத்து லீற்றர் வியர்த்தால் நூறு கிராம் உப்பு உடம்பைவிட்டுப் போய்விட்டது என்று கணக்கு. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தண்ணீரும் உப்பும் ஏறக்குறைய இரத்தத்தில் இருக்கும் அதே விகிதத்தில் சேர்ந்து போவதால், மிஞ்சும் இரத்தத்தின் உப்புச் செறிவு பெரிதாகக் கூடுவதில்லை. செறிவு கூடினால்தான் மூளை தாகத்தைக் கிளப்பும். அதனால் உடம்பு வற்றிக்கொண்டிருக்கும்போதே குதிரை தண்ணீரைத் திரும்பிப் பார்க்காமல் நிற்கும். நெடுந்தூரக் குதிரைக்கு உப்பைக் கொடுப்பதில் பாதி நோக்கம் இழப்பை ஈடுசெய்வது. மறுபாதி, தாகத்தை எழுப்பித் தண்ணீர் குடிக்கவைப்பது.

மாட்டின் கணக்கு வேறு. மாடும் வியர்க்கும். நம்முடைய நாட்டு மாடுகளும் இந்திய வழி வந்த திமில் மாடுகளும் வெள்ளைக்காரன் மாட்டைவிட நன்றாகவே வியர்க்கும். ஆனால் அளவில் குதிரைக்குக் கிட்டவும் வராது. அந்த வியர்வையில் சோடியம் குறைவு, பொற்றாசியமே முதன்மை. மூச்சிரைப்பில் போவது வெறும் நீராவி. மொத்தத்தில் மாடு உப்பைவிடத் தண்ணீரையே கூடுதலாக இழக்கிறது. இரத்தத்தின் உப்புச் செறிவு ஏறும், தாகம் தானாக எடுக்கும். தாகமெடுத்த மாட்டுக்குத் தேவை தண்ணீர். அந்த நேரத்தில் அதன் வாயில் செறிந்த உப்புப் பசையை ஏற்றினால், ஏற்கனவே உப்புக் கூடியிருக்கும் உடம்பில் மேலும் உப்பைச் சேர்க்கிறோம். போதாக்குறைக்கு அந்த உப்பு, இரத்தத்திலுள்ள நீரையும் வயிற்றுக்குள் இழுக்கும்.

பசையைத் தவிர்க்கச் சொல்வதற்கு இதுதான் முதற்காரணம். குதிரைகளிலேயே, செறிந்த உப்பைத் திரும்பத் திரும்ப வாயால் கொடுத்தபோது இரைப்பைப் புண் கூடியதை ஆய்வு காட்டியிருக்கிறது. விவரமறிந்த ஓட்டக்காரர்கள் குதிரை தண்ணீர் குடித்த பிறகுதான் பசையை ஏற்றுவார்கள்.

இனி உங்கள் ஓட்டத்தைப் பாருங்கள். சவாரியில் ஒரு ஓட்டம் நிமிடக் கணக்கில் முடிந்துவிடுகிறது. அந்த நேரத்துக்குள் எந்த மாடும் உப்பு வற்றி விழுவதில்லை. மாடு வற்றுவது ஓட்டத்துக்கு வெளியே. முதல்நாள் பின்னேரம் குறைத்த தண்ணீர், விடிய லொறியில் நின்ற நேரம், திடலில் நிழலில்லாமல் கட்டிநின்ற மணித்தியாலங்கள், பறையும் ஒலிபெருக்கியும் கிளப்பிய பதற்றம், எல்லாம் சேர்ந்துதான் வற்றவைக்கின்றன. 300 கிலோ மாடு தன் எடையில் 5 வீதம் நீரை இழந்தால் 15 லீற்றர் போய்விட்டது. அந்த அளவில்தான் கண்ணுக்கு அறிகுறி தெரியத் தொடங்கும். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் மெல்லப் படியும், கண் சற்று உள்ளே போகும், சாணம் இறுகும், சிறுநீர் கடும் மஞ்சளாகும். மாட்டின் பெருவயிற்றில் நாற்பது லீற்றருக்கு மேல் நீரும் தீனியும் கலந்து கிடப்பதால் அது குதிரையைவிட நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். அந்தத் தாக்குப்பிடிப்பை நம்பித்தான் நாம் தண்ணீரைக் குறைக்கிறோம். முதல் ஓட்டத்தில் பிழை தெரியாது. இரண்டாம் ஓட்டத்தில் தெரியும்.

இரண்டாம் ஓட்டத் தளர்ச்சிக்குள் இன்னொன்றும் இருக்கிறது. முதல் ஓட்டத்தில் தசையில் உண்டான வெப்பமும் லக்ரிக் அமிலமும் வெளியேறுவதற்கு முன்பே மறுபடி பூட்டிவிடுகிறோம். வெப்பம் தோல் வழியாக வெளியேற, இரத்தம் தோலுக்கு ஓட வேண்டும். நீர் குறைந்த உடம்பில் தசைக்கும் தோலுக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப இரத்தம் போதாது. எந்தப் பவுடரும் இதைத் திருத்தாது. தண்ணீரும், நிழலும், ஓட்டங்களுக்கு இடையிலுள்ள நேரத்தை எப்படிக் கழிக்கிறீர்கள் என்பதும்தான் திருத்தும்.

பாரம் பற்றிய கவலை விளங்குகிறது. பத்து லீற்றர் தண்ணீர் பத்துக் கிலோதான், 300 கிலோ மாட்டில் 3 வீதம். அதைக் கழிக்க வேண்டுமானால் ஓட்டத்துக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன் வயிறாரக் குடிக்கவிட்டு, பிறகு வாய் நனையும் அளவுக்கு மட்டும் கொடுங்கள். முதல்நாள் பின்னேரமே நிறுத்துவது, கிடைக்கும் சிறு இலாபத்துக்கு ஒரு நாளை முழுதாகப் பணயம் வைப்பது. இந்த அளவு மாட்டுக்கு வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 30 முதல் 50 லீற்றர் தண்ணீர் வேண்டும்.

இடத்தன் மாடு திடலில் ஏன் முகர்ந்துவிட்டு விலகுகிறது? பெரும்பாலும் தண்ணீரின் மணம். பவுசர் தண்ணீரில் குளோரின் மணக்கும். வெயிலில் நின்ற பிளாஸ்ரிக் பீப்பாய்த் தண்ணீர் சுடும், பிளாஸ்ரிக் மணமும் சேரும். வேற்று மாடு வாய்வைத்த வாளியையும் சில மாடுகள் தொடாது. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையே மூடிய கான்களில் கொண்டுபோங்கள். இரண்டு மாட்டுக்கும் சேர்த்து 80 லீற்றராவது வேண்டும். ஈரச் சாக்குப் போட்டு நிழலில் வையுங்கள். வீட்டில் குடிக்கும் அதே வாளியைக் கொண்டுபோங்கள். முழுவதையும் கொண்டுபோக வசதியில்லையென்றால், சவாரிக்கு ஒரு கிழமைக்கு முன்பிருந்தே வீட்டுத் தண்ணீரில் ஒரு பிடி தவிடோ சிறு துண்டு பனங்கட்டியோ கரைத்துப் பழக்குங்கள். திடலில் எந்தத் தண்ணீரிலும் அதையே கரைத்தால் மாட்டுக்குப் பழகிய மணமாக இருக்கும். பனங்கட்டி மணத்துக்கு மட்டும், ஒரு வாளிக்கு 20 கிராம் போதும்.

இப்போது உப்புக்கு வருவோம். வைக்கலில் சோடியம் மிகக் குறைவு, தவிட்டிலும் பிண்ணாக்கிலும் அதே கதைதான். ஆகவே உங்கள் மாடுகளுக்கு நாளாந்தம் உப்பு வேண்டும். 300 கிலோ மாட்டுக்கு நாளொன்றுக்கு 30 கிராம் உப்பு, காலையும் மாலையும் பாதி பாதியாக, கஞ்சியிலோ நனைத்த தவிட்டிலோ நன்றாகக் கலந்து கொடுங்கள். வெயில் மாதங்களில் கடும் பயிற்சி கொடுக்கும் நாட்களில் 50 கிராம் வரை போகலாம். தூள் உப்பு மட்டம் தட்டிய ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 6 கிராம், ஆகவே 30 கிராமுக்கு ஐந்து தேக்கரண்டி. கல்லுப்பைக் கரண்டியால் அளந்தால் பிழைக்கும், அதைத் தராசில் நிறுங்கள். ஆனையிறவு உப்பானாலும் கடையில் வாங்கும் அயடீன் சேர்த்த உப்பானாலும் மாட்டுக்கு ஒன்றுதான்.

இந்த அளவைத் தொடங்கும் முன் உங்கள் கிணற்றைப் பாருங்கள். ஒட்டுசுட்டான் உட்பகுதிக் கிணறுகளைவிட, முல்லைத்தீவுக் கரையோரத்திலும் பூநகரிப் பக்கத்திலும் உவர் கூடிய கிணறுகள் பல. ஒரு லீற்றர் கிணற்று நீரில் 2 கிராம் உப்பு இருந்தால், 40 லீற்றர் குடிக்கும் மாடு தண்ணீரோடு மட்டும் 80 கிராம் உப்பை எடுத்துவிடும். அந்த மாட்டுக்கு மேலும் உப்புப் போடுவது பிழை. நாக்கில் வைத்தவுடன் உவர்ப்புத் தெரிந்தால் உப்பைச் சேர்க்காதீர்கள். ஐயமாக இருந்தால் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் நீரைச் சோதிக்கலாம். கரைந்த திண்மங்கள் லீற்றருக்கு 3,000 மில்லிகிராமுக்குள் இருந்தால் மாட்டுக்கு நல்லது, 5,000 வரை தாங்கும், 7,000 தாண்டினால் வேலை செய்யும் மாட்டுக்கு வைக்க வேண்டாம்.

பொற்றாசியத்துக்காக உங்கள் மாடுகளுக்குத் தனியே எதுவும் வாங்கத் தேவையில்லை. வைக்கலிலும் புல்லிலும் அது தாராளமாக இருக்கிறது. ஆறு கிலோ வைக்கல் தின்னும் மாட்டுக்கு அதிலிருந்தே 80, 90 கிராம் கிடைக்கும். ஒரு இளநீரில் இருப்பது முக்கால் கிராம் அளவுதான். சவாரிக்கு முன் நாலு இளநீர் பருக்குவதால் கெடுதியில்லை, ஆனால் ஒரு பிடி வைக்கல் கொடுப்பதும் அதே கணக்கு. மாடு தீனியை விட்டுவிட்டால்தான் பொற்றாசியம் குறையும், அப்போது பார்க்க வேண்டியது அது ஏன் தின்னவில்லை என்பதை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வயலுக்குப் போடும் எம்.ஓ.பி. பசளையும் பொற்றாசியம் குளோரைட்டுத்தான் என்பது கமக்காரர்களுக்குத் தெரியும். அதை எடுத்து மாட்டுக் கஞ்சியில் போடாதீர்கள். பசளை தீனித் தரத்தில் சுத்திகரிக்கப்பட்டதல்ல. ஒரேயடியாக உள்ளே போகும் பொற்றாசியம் இதயத்தை நிறுத்தும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஒரே கொட்டிலில் பக்கத்தில் கிடக்கும் யூரியா. யூரியா கை மாறிப் போனால் மாடு சில மணித்தியாலங்களில் செத்துவிடும்.

மச்சான் தந்த வாளிக்கு வருகிறேன். முன்பக்கத்தில் ஓடுகிற குதிரையின் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் ஒரு கரண்டியில் எத்தனை கிராம் சோடியம், குளோரைட்டு, பொற்றாசியம் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். வீதமாகப் போட்டிருந்தால் கரண்டியின் எடையால் பெருக்கிக் கிராமாக்குங்கள். சோடியத்தின் கிராமை இரண்டரையால் பெருக்கினால் அது எவ்வளவு கறியுப்புக்குச் சமன் என்று வரும். பொற்றாசியத்தை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய பொற்றாசியம் குளோரைட்டின் அளவு வரும். உதாரணமாக 60 கிராம் கரண்டியில் சோடியம் 12, குளோரைட்டு 23, பொற்றாசியம் 5 கிராம் என்றிருந்தால், அதற்குள் 30 கிராம் உப்பும் 10 கிராம் பொற்றாசியம் குளோரைட்டும் இருக்கின்றன. மிச்சம் 20 கிராம் சீனியும் வாசனையும். இது குதிரைக்கு ஒழுங்கான பவுடர். குளோரைட்டுத்தான் எல்லாவற்றிலும் கூடுதலாக இருக்க வேண்டும், அடுத்தது சோடியம், மூன்றாவது பொற்றாசியம். அதே 60 கிராமில் சோடியம் 2 கிராம் என்றிருந்தால் அதில் உப்பு ஒரு தேக்கரண்டிகூட இல்லை. மச்சான் சீனிக்குத்தான் விலை கொடுத்திருக்கிறார். உள்ளடக்கப் பட்டியலில் முதலாவதாக டெக்ஸ்ரோஸ் அல்லது சீனி என்றிருந்தாலும் அதே பொருள்தான்.

சீனியைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், வளர்ந்த மாட்டின் பெருவயிற்றில் அது நொதித்துப்போகும். குடலுக்குப் போய்ச் சோடியத்தோடு சேர்ந்து உறிஞ்சப்படுவதில்லை. ஜீவனி வேலை செய்வதே அந்தச் சீனி, சோடியக் கூட்டால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய அளவுப்படி ஒரு லீற்றர் கரைசலுக்கு உப்பு 2.6 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 1.5 கிராம், சிற்றேற்று 2.9 கிராம், குளுக்கோசு 13.5 கிராம். வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு அது உயிர்காக்கும் மருந்து. 300 கிலோ மாட்டுக்குப் பத்துப் பைக்கற்றைக் கரைத்தாலும் உள்ளே போகும் உப்பு 26 கிராம்தான், ஐந்து தேக்கரண்டி கூட இல்லை. பைக்கற்றுகளைப் பிள்ளைகளுக்கு விட்டுவைப்போம்.

சேலைன் கணக்கும் அப்படித்தான். அரை லீற்றர்ப் போத்தலில் இருப்பது நாலரைக் கிராம் உப்பும் அரை லீற்றர் தண்ணீரும். நாலு போத்தல் ஏற்றினால் இரண்டு லீற்றர். அதே மாடு மனம் வைத்தால் அதைவிடக் கூடுதலாக ஒரு நிமிடத்தில் உறிஞ்சிவிடும். நன்றாக நிற்கும் மாட்டுக்கு முதல்நாள் சேலைன் ஏற்றுவதால் கிடைப்பது ஒன்றுமில்லை. கூடுதலான உப்பையும் நீரையும் சிறுநீரகம் அன்றிரவே வெளியேற்றிவிடும், உடம்பு அதைச் சேமித்து வைக்காது. ஊசி குத்திய இடத்தில் நாளம் வீங்குவதும், சுத்தமில்லாமல் ஏற்றினால் கிருமி போவதும் மட்டும் மிஞ்சும். உண்மையில் வற்றிப்போன மாட்டுக்குச் சேலைன் வேண்டும்தான். அதைப் பல லீற்றர் கணக்கில் கால்நடை வைத்தியர் ஏற்றுவார்.

உங்கள் பவுடரில் சோடியம் 10 முதல் 12 கிராம் வரை இருந்தால், குதிரைக்குச் சொன்ன ஒரு கரண்டி உங்கள் மாட்டின் ஒரு நாள் உப்புக்குச் சமன். சாதாரண உப்பை நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாக அந்தக் கரண்டியைக் கொடுக்கலாம். இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். காலையும் மாலையும் அரைக் கரண்டி, தீனியில் கலந்து, பக்கத்தில் தண்ணீர் இருக்கும்போது மட்டும். பட்டியலில் செலனியம் இருந்தால் அந்த வாளியைத் திறக்க முன் எனக்கு எழுதுங்கள். அது மிகச் சிறிய அளவிலேயே தேவைப்படும், கூடினால் நஞ்சு. செம்பு சேர்த்ததானால் செம்மறிக்கு எட்டாமல் வையுங்கள். ஒரு விலங்குக்குச் செய்ததை இன்னொன்றுக்குக் கொடுக்கும்போது இந்தக் கவனம் எப்போதும் வேண்டும். மாட்டுக்கும் கோழிக்கும் தீனியில் சேர்க்கும் மொனென்சின் என்ற மருந்து சிறிதளவு போனாலே குதிரை செத்துவிடும்.

அப்பச்சோடா பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். நெடுந்தூரம் ஓடிய குதிரைக்கு அதைக் கொடுப்பதில்லை. வியர்வையோடு குளோரைட்டு போய் அதன் இரத்தம் ஏற்கனவே காரப் பக்கம் சாய்ந்திருக்கும். வெயிலில் மூச்சிரைக்கும் மாட்டின் இரத்தமும் கரியமிலவாயுவை இழந்து அதே பக்கம்தான் சாயும். தவிடும் தானியமும் கூடத் தின்னும் மாட்டின் வயிற்றுப் புளிப்பைத் தணிக்க, சாதாரண நாட்களில் தீனியோடு 50 கிராம் வரை கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. வீணீரை வெளியே வடித்துவிடும் மாட்டுக்கு அது உதவும், ஏனென்றால் வயிற்றின் புளிப்பை முறிக்க வேண்டிய காரம் அந்த வீணீரில்தான் இருக்கிறது. சவாரியன்று கரைத்துப் பருக்குவது மட்டும் வேண்டாம்.

பருக்குவது என்றவுடன் போத்தல் ஞாபகம் வருகிறது. மூச்சிரைக்கும் மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்து எதையும் ஊற்றாதீர்கள். இரைக்கும்போது மூச்சுக்குழாயின் வாசல் திறந்தபடி இருக்கும். ஊற்றியதில் ஒரு பங்கு நெஞ்சுக்குள் போகும். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல், மூக்கில் சளி, பிறகு நுரையீரல் அழுகும். சவாரி மாட்டின் மூச்சு அத்தோடு முடிந்தது. தானாகக் குடிக்காத மாட்டுக்கு ஊற்றுவதைவிட, அது குடிக்கும்படி தண்ணீரை மாற்றுவதுதான் வழி.

சவாரி நாளை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதல்நாள் இரவு வழக்கமான உப்பு, வைக்கல் நிறைய, தண்ணீர் தடையில்லாமல். விடிய 4 மணிக்கு வயிறாரத் தண்ணீரும் கொஞ்சம் வைக்கலும். தவிட்டுக் கஞ்சியையும் உழுந்தையும் அன்று காலை விட்டுவிடுங்கள். வெயில் ஏற முன் லொறி புறப்பட வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பயணமானால் இடையில் நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். திடலில் மரநிழல் இல்லையென்றால் கிடுகோ படங்கோ கட்டுங்கள், நாலு பக்கமும் காற்று வர வேண்டும். மணிக்கொருதரம் தண்ணீரைக் காட்டுங்கள். கடைசி வயிறாரக் குடிப்பு ஓட்டத்துக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன்.

ஓட்டம் முடிந்ததும் கட்டிவிடாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடத்துங்கள். பிறகு நிழலில் விட்டுக் கழுத்து, விலா, வயிற்றின் கீழ், தொடையிடுக்கு என்று தோல் நனையுமட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றியது சூடாகி வடியும், அதை வழித்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள், காற்றுப் படட்டும். சுடுகிற உடம்பில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் நரம்பு பிடிக்கும் என்ற பயம் நம்மிடம் இருக்கிறது. 1996 அற்லாண்டா ஒலிம்பிக் வெயிலுக்காகக் குதிரைகளில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். குளிர்ந்த நீரை ஊற்றியதால் தசைக்குக் கேடு வரவில்லை, உடற்சூடு விரைவாக இறங்கியது. மூச்சுச் சற்று அடங்கியதும் அரை வாளி, பத்து நிமிடம் கழித்து இன்னொரு அரை வாளி என்று குடிக்கவிடுங்கள்.

அடுத்த ஓட்டத்துக்குப் பூட்டலாமா என்பதை மூச்சைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். விலா ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிழலில் நிற்கும் மாடு நிமிடத்துக்கு 15 முதல் 35 தடவை மூச்சுவிடும். ஓட்டம் முடிந்து அரை மணித்தியாலம் கழித்தும் 60க்கு மேல் நின்றால் பூட்டாதீர்கள். நெடுந்தூரக் குதிரையோட்டத்தில் இதற்கென்றே வைத்தியர் தடைகள் உண்டு. குதிரையின் நாடி குறித்த நேரத்துக்குள் 64க்கு இறங்காவிட்டால் அது போட்டியிலிருந்து நிறுத்தப்படும். சவாரித் திடலில் அந்தத் தடையை மாட்டுக்காரர்தான் போட வேண்டும். நாக்கைத் தொங்கவிட்டு வாய்திறந்து இரைப்பதும், மலவாயில் வைத்த வெப்பமானி 41 பாகையைத் தாண்டுவதும், கால் தள்ளாடுவதும் அவசர நிலை. தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாமல் கால்நடை வைத்தியரை அழையுங்கள்.

கடைசி ஓட்டமும் முடிந்து மாடு ஆறிய பிறகு, 20 லீற்றர் தண்ணீரில் 60 கிராம் உப்புக் கரைத்து ஒரு வாளியும், வெறும் தண்ணீர் ஒரு வாளியும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மாடு தனக்கு வேண்டியதைக் குடிக்கும். அன்றைய உப்புக் கணக்கை இதோடு முடித்துவிடுங்கள், இரவுத் தீனியில் திரும்பப் போட வேண்டாம். வெறும் தண்ணீர் இல்லாத இடத்தில் உப்புத் தண்ணீரை மட்டும் வைக்கக்கூடாது. உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு 2 கிராம் அளவில் உப்பு உள்ளே போனால் மாட்டுக்கு நஞ்சாகும். தண்ணீர் கிடைக்காத மாட்டுக்கு அதற்கும் மிகக் குறைவான அளவே போதும். கண் தெரியாமல் முட்டும், வட்டமாகச் சுற்றும், வலிப்பு வரும்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது நலம் தட்டிய மாடு, தவிட்டுத் தீனி, தண்ணீர்க் குறைப்பு மூன்றும் ஒன்றாக இருப்பது. தவிட்டில் பொசுபரசு மிகுதி, கல்சியம் குறைவு. இதனால் சிறுநீரில் நுண்கற்கள் உருவாகும். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் செறிந்து கல் வேகமாக வளரும். சிறுவயதில் நலம் தட்டிய மாட்டின் சிறுநீர்க்குழாய் ஒடுக்கமாகவே நின்றுவிடுவதால் கல் அதில் சிக்கும். வாலைத் தூக்கி முக்குவது, சொட்டுச் சொட்டாகப் போவது, பின்காலால் வயிற்றை உதைப்பது, குறிமுனை மயிரில் மணல்போல் வெள்ளைப் பருக்கை ஒட்டியிருப்பது இதன் அடையாளங்கள். முற்றாக அடைத்தால் ஒன்றிரண்டு நாளில் சிறுநீர்ப்பை வெடிக்கும். நாளாந்த உப்பு மாட்டைக் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கவைத்துச் சிறுநீரை இளக்கும், ஆகவே உப்பைத் தவறவிடாதீர்கள். அதோடு நாளுக்கு 30 முதல் 50 கிராம் கனியுப்புக் கலவை சேருங்கள். பையில் கல்சியம் பொசுபரசைப்போல் இரண்டு மடங்காவது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தவிட்டைக் குறைத்துப் பச்சைப் புல்லைக் கூட்டினால் இன்னும் நல்லது.

மாட்டின் எடையை நினைத்துச் சொல்லாமல் அளந்து எழுதுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து அதை அதே எண்ணால் பெருக்கி, தோள்மூட்டிலிருந்து பின்தொடை எலும்பு முனை வரையான நீளத்தால் மறுபடி பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 60, நீளம் 52 என்றால் 284 கிலோ. அந்த எடையோடு, பவுடர் வாளியின் பின்பக்கம் தெளிவாகத் தெரியும் ஒரு படத்தையும், கிணற்றுத் தண்ணீர் உவரா இல்லையா என்பதையும் அனுப்புங்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் எத்தனை கிராம் என்று எழுதி அனுப்புகிறேன். இடத்தன் மாட்டைச் சித்திரைச் சவாரிக்கு முன் ஒருமுறை உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் காட்டி, பூச்சி மருந்தும் இரத்தப் பரிசோதனையும் பார்த்துக்கொள்ளுங்கள். உண்ணி பரப்பும் காய்ச்சல் வந்து போன மாடு இரத்தம் குறைந்து நின்றாலும் இரண்டாம் ஓட்டத்தில் இப்படித்தான் தளரும்.